பிடித்தம் காட்டாத பாரம் 16

பாரம் 16இல் வரிப் பிடித்தம் என்ற இடத்தில் சைபர் இருந்தால், அந்தப் பணம் எந்த இடத்தில் நின்றது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளத்திலிருந்து அது பிரியவே இல்லையா, பிரிந்து நிறுவனத்தின் கையிலேயே தங்கிவிட்டதா, அரசுக் கணக்குக்குப் போயும் வேறொருவர் பெயரில் ஏறிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். காகிதத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். வரியை யார் கட்டுவது என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

வரி ஆலோசகர்களிடம் இந்தக் கேள்வி ஜூன், ஜூலை மாதங்களில் வரும். வருகிறவர் கையில் பாரம் 16 மட்டும் இருக்கும். தொழிலில் பல காலம் இருந்தவர்கள் அதைப் புரட்டுவதற்கு முன்பே பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் வங்கிப் பாஸ்புக்கையும் கேட்பார்கள். நிறுவனம் அரசிடம் என்ன சொன்னது என்பது மட்டுமே பாரம் 16இல் இருக்கிறது. தொழிலாளியின் கையில் உண்மையில் எவ்வளவு விழுந்தது, எவ்வளவு குறைந்தது என்பதை மற்ற இரண்டும்தான் சொல்லும்.

1990களில் பாரம் 16 கையால் எழுதப்பட்டது. சம்பளக் கணக்கர் கார்பன் தாள் வைத்து எழுதுவார், நிறுவன முத்திரை குத்துவார், மேலாளர் கையெழுத்திடுவார். 1998இல் 'சரல்' என்ற ஒற்றைத் தாள் படிவம் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. அந்தத் தாளோடு பாரம் 16இன் அசலைச் சேர்த்துக் குத்தி வருமான வரி அலுவலகத்தில் கொடுத்தால், அதிகாரி தாளைப் பார்த்து வரவு வைப்பார். நிறுவனம் பிடித்த பணத்தை வங்கியில் கட்டியதா என்று ஒவ்வொரு தாளுக்கும் தேடிப் பார்க்க அன்றைக்கு வசதி இல்லை. தாள் இருந்தால் பணம் இருக்கிறது என்று பொருள். தாள் தொலைந்தால் பாடுதான். மழையில் ஓடு ஒழுகிப் பாரம் 16 கரைந்துபோன ஒரு பஞ்சாலை மேஸ்திரி, அதன் நகலை வாங்குவதற்கு ஆலை அலுவலகத்துக்கும் வரி அலுவலகத்துக்குமாக ஒரு வருஷம் நடந்த கதை மதுரைப் பக்கத்து ஆலோசகர்களுக்குத் தெரியும். அவருக்கு வரவேண்டிய ரீஃபண்ட் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது அவருடைய அரை மாதச் சம்பளம்.

பிறகு எல்லாம் பத்து ஆண்டுகளுக்குள் மாறியது. 2004இல் வரிச் சலான்கள் வங்கியிலிருந்தே கணினி வழியாகத் துறைக்குப் போகத் தொடங்கின. 2005-06 முதல் நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு ஊழியரின் பான் எண்ணோடும், 24க்யூ என்ற அறிக்கை தர வேண்டியதாயிற்று. 2007இல் வந்த புதிய ரிட்டர்ன் படிவங்களோடு எந்தத் தாளையும் இணைக்க வேண்டாம் என்றானது. ரிட்டர்ன்கள் பெங்களூரு மையத்தில் மொத்தமாகக் கணினியில் சரிபார்க்கப்பட்டன. கணினி தாளைப் பார்ப்பதில்லை. 26ஏஎஸ் என்ற வரவுப் பட்டியலை மட்டுமே பார்க்கும். அங்கே வரி இல்லை என்றால் எங்கேயும் இல்லை.

"பாரம் 16 கையில இருக்கு சார், ஆனா வரி கட்டலன்னு நோட்டீஸ் வருது" என்ற வார்த்தையை ஆலோசகர்கள் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். பல நிறுவனங்கள் தாளில் ஒன்றும் அறிக்கையில் வேறொன்றுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. சில நிறுவனங்கள் அறிக்கையே கொடுக்கவில்லை. அந்தத் தாளை நம்பி ரிட்டர்ன் போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2012-13ஆம் நிதியாண்டு முதல் பாரம் 16இன் 'அ' பகுதியை, அதாவது பிடித்த வரியும் கட்டிய வரியும் உள்ள பகுதியை, துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து மட்டுமே இறக்கித் தர வேண்டும் என்று விதி வந்தது. சம்பள விவரம் உள்ள 'ஆ' பகுதியும் 2018-19 முதல் அங்கிருந்தே வருகிறது. ஆகவே இன்றைக்கு முறையாக இறக்கித் தரப்பட்ட பாரம் 16உம் 26ஏஎஸ்ஸும் ஒன்றையொன்று மறுக்காது. நிறுவனம் தானாகத் தட்டச்சு செய்து, லெட்டர்பேடில் அச்சடித்துத் தரும் 'பாரம் 16' இன்னும் சிறு ஊர்களில் புழங்குகிறது. டிரேசஸ் சான்றிதழ் எண் இல்லாத தாளை அனுபவமுள்ளவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

சைபர் என்பது பல சமயம் சரியான சைபர்தான். சம்பளத்துக்கு வரிப் பிடித்தம் நிலையான விகிதத்தில் கிடையாது. ஆண்டு முழுவதற்கும் என்ன வருமானம் வரும் என்று நிறுவனம் மதிப்பிட்டு, அதற்குரிய வரியைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு மாதாமாதம் பிடிக்க வேண்டும் என்பதே பழைய வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவு. மதிப்பீட்டில் வரி இல்லை என்றால் பிடித்தமும் இல்லை. புதிய வரிமுறையில் 2025-26இல் 12 லட்சம் வரை வரிவிலக்குச் சலுகை, அதற்கு மேல் 75,000 நிலைக்கழிவு. 12,75,000 ரூபாய் சம்பளக்காரருக்கும் பிடித்தம் சைபராக இருக்கலாம். இப்படிப் பிடித்தமே இல்லாதவருக்குப் பாரம் 16 தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. அது பிடித்த வரிக்கான சான்றிதழ். வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கிறது என்று வருகிறவருக்கு, நிறுவனத்திடமிருந்து சம்பளச் சான்று வாங்கிக்கொள்ளச் சொல்வதே வழி.

காலம் தவறிப் பார்ப்பதாலும் சைபர் தெரியும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதப் பிடித்தத்துக்கான 24க்யூ அறிக்கைக்கு மே 31 வரை அவகாசம் உண்டு; பாரம் 16 தர ஜூன் 15. ஏப்ரல் பத்தாம் தேதி 26ஏஎஸ்ஸைத் திறந்துவிட்டு, கடைசி மூன்று மாதத்தைக் காணோம் என்று பதறி ஓடிவருகிறவர்களை ஆலோசகர்கள் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து ஜூனில் வரச் சொல்வார்கள். அந்த அவசரத்தில் ரிட்டர்ன் போட்டவர்களுக்குத்தான் பின்னால் திருத்த ரிட்டர்ன் வேலை.

இரண்டு நிறுவனங்களில் வேலை பார்த்த ஆண்டில் வரும் சைபர்தான் ஆளைக் கவிழ்க்கும். கோயம்புத்தூரில் மாதம் 60,000 வாங்கிய ஓர் இளைஞர், 2024 அக்டோபரில் சென்னையில் 90,000 ரூபாய் வேலைக்கு மாறினார். முதல் நிறுவனம் ஆண்டுக்கு 7,20,000 என்று கணக்கிட்டது. நிலைக்கழிவு போக 7 லட்சத்துக்குக் கீழே, வரி இல்லை. இரண்டாவது நிறுவனம் தான் தந்த ஆறு மாதத்தை மட்டும் பார்த்தது. 5,40,000, அதிலும் வரி இல்லை. இரண்டு பாரத்திலும் சைபர். ஆனால் இரண்டு நிறுவனங்களிலும் ஆறு ஆறு மாதம் உண்மையில் வாங்கியதைக் கூட்டினால் 9 லட்சம். 75,000 கழித்து 8,25,000. அந்த ஆண்டின் புதிய வரிமுறை விகிதப்படி 32,500 வரி, மேல்வரி 4 சதவீதம் சேர்த்து 33,800. இரண்டு நிறுவனங்களும் ஆளுக்கொரு முறை கொடுத்த நிலைக்கழிவும் சலுகையும் ரிட்டர்னில் ஒருமுறைதான் கிடைக்கும், அதிலும் சலுகை 7 லட்சத்தைத் தாண்டியதால் முழுதாகப் போயிற்று. வரி பத்தாயிரத்தைத் தாண்டியதால் முன்கூட்டி வரி கட்டாததற்கு மாதம் 1 சதவீத வட்டியும் உண்டு. "ரெண்டு கம்பெனியுமே பிடிக்கலியே சார், நான் என்ன பண்ணட்டும்?" என்றுதான் அவர் கேட்டார். புது வேலையில் சேர்ந்த வாரத்திலேயே பழைய சம்பள விவரத்தை பாரம் 12பியில் எழுதிக் கொடுத்திருந்தால், இரண்டாவது நிறுவனம் ஆறு மாதத்தில் பங்கிட்டுப் பிடித்திருக்கும். அந்தப் பாரம் வேலையில் சேரும்போது கையெழுத்து வாங்கும் கட்டில் பெரும்பாலும் இருக்காது. கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் முழுச் சம்பளமும் கொடுத்த முதலாளிகளும் உண்டு. நம்பிக்கையான ஆள், கைக்கு முழுசாகப் போகட்டும் என்று நினைத்து ஒரு நகைக்கடைக்காரர் தன் மேலாளருக்கு வருஷக்கணக்கில் பிடித்தம் செய்யாமல் கொடுத்தார். அன்பினால் செய்தது இருவருக்கும் செலவு வைத்தது. பிடிக்காத வரியைக் கட்டும் பொறுப்பு மேலாளரைவிட்டு விலகவில்லை, வட்டியோடு கட்டினார். முதலாளிக்கு மாதம் 1 சதவீத வட்டி வந்தது. அது மட்டும் இல்லை, வரி பிடிக்காமல் கொடுத்த சம்பளத்தில் 30 சதவீதத்தைச் செலவாக ஏற்க முடியாது என்று அவருடைய வியாபார வருமானத்திலும் கை வைத்தார்கள். மேலாளர் தன் ரிட்டர்னில் அந்தச் சம்பளத்தைக் காட்டி வரியைக் கட்டிவிட்டார் என்று ஆடிட்டர் சான்றளிக்கும் 26ஏ என்ற படிவம் 2012இலிருந்து உண்டு. அதைக் கொடுத்த பிறகே முதலாளி மீதான முதல் தொகைக் கோரிக்கை நீங்கியது, வட்டி நீங்கவில்லை.

பிடிக்காமலிருந்ததில் தமிழ்நாட்டில் நீண்டு நடந்த ஒரு வழக்கு, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வேலை செய்த கன்னியாஸ்திரீகள், பாதிரியார்களுடையது. சம்பளம் அரசு தருவது. துறவு உறுதிமொழியின்படி அது முழுவதும் சபைக்குப் போய்விடும். மிஷனரிகள் பெற்றுச் சபைக்கு ஒப்படைக்கும் கட்டணம் பற்றி 1944இலும் 1977இலும் வந்த சுற்றறிக்கைகளை வைத்து, பல பத்தாண்டுகளாக இவர்களுடைய சம்பளப் பட்டியலில் வரிப் பிடித்தம் வெறுமையாகவே இருந்தது. 2014 டிசம்பரில் பிடித்தம் செய்யும்படி உத்தரவு வந்தபோது வழக்குகள் எழுந்தன. சம்பளம் முதலில் வேலை செய்தவரின் வருமானமாகிறது, அதற்குப் பிறகு அவர் அதைச் சபைக்குக் கொடுப்பது வருமானத்தைச் செலவிடும் முறையே என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2019 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சபைகளின் மேல்முறையீடுகளைத் தள்ளியது. இதற்கிடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பள்ளியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஒரே சம்பளம் வாங்கிய இரண்டு ஆசிரியர்களில், டீச்சரின் பாரத்தில் வரி இருக்கும், சிஸ்டரின் பாரத்தில் இருக்காது. சிஸ்டருக்குத் தன் பெயரில் வங்கிக் கணக்கில் விழும் பணம் தன்னுடையது என்ற எண்ணமே வாழ்நாளில் வந்ததில்லை. அவரிடம் வரிப் பொறுப்பை விளக்குவது எந்தக் கணக்கரும் மறக்கக்கூடிய அனுபவம் இல்லை.

இதுவரை சொன்னவற்றில் பணம் தொழிலாளியின் கையில்தான் இருந்தது. சம்பளத்திலிருந்து பிடித்த பணம் அரசுக்குப் போகாமல் நிறுவனத்திலேயே தங்கிவிடுவது வேறு விஷயம். இந்தத் தொழிலில் மனதை மிகவும் வருத்தும் பகுதி அதுவே.

தென் மாவட்டம் ஒன்றில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. மாணவர் சேர்க்கை குறைந்து, சம்பளமே இரண்டு மாதம் தள்ளித் தள்ளி வந்துகொண்டிருந்தது. உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு மாதம் 4,500 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 54,000 பிடித்தார்கள். 26ஏஎஸ்ஸில் ஏறியது முதல் மூன்று மாதத்து 13,500 மட்டும். மீதி 40,500 ரூபாயைக் கல்லூரி கட்டவில்லை. அதற்கான அறிக்கையும் தரவில்லை. அவர் 54,000 என்று காட்டி ரிட்டர்ன் போட்டார். பெங்களூருவிலிருந்து 13,500 மட்டும் ஏற்று, மீதியை வட்டியோடு கட்டச் சொல்லி டிமாண்ட் வந்தது. கல்லூரியில் பலருக்கும் இதே நோட்டீஸ். வீட்டுக் கடன், கார் கடன் இருந்தவர்கள் பயந்துபோய் இரண்டாம் முறையும் கட்டினார்கள். ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி.

கட்டியிருக்க வேண்டியதில்லை. பழைய சட்டத்தின் 205ஆம் பிரிவு இதற்காகவே இருந்தது: பிடிக்க வேண்டிய வரி வருமானத்திலிருந்து பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்த அளவுக்கு அந்த வரியைத் தொழிலாளியிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது. பிடித்தவர் கட்டினாரா இல்லையா என்பது துறைக்கும் பிடித்தவருக்கும் இடையிலான விவகாரம். நிறுவனம் பிடித்துக் கட்டாத வரியை ஊழியரிடம் வசூலிக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2007இல் தெளிவாகச் சொன்னது. நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூனிலும் 2016 மார்ச்சிலும் இப்படிப்பட்ட டிமாண்டுகளை வற்புறுத்தி வசூலிக்க வேண்டாம் என்று அதிகாரிகளுக்கு எழுதியது.

ஆனால் வரவு வைக்கும் பிரிவு வேறு. கட்டப்பட்ட வரிக்குத்தான் வரவு. ஆகவே அதிகாரி வசூலிக்க மாட்டார், வரவும் வைக்க மாட்டார். திரையில் டிமாண்ட் நின்றுகொண்டே இருக்கும். அந்தப் பேராசிரியருக்கு அடுத்த ஆண்டு வரவேண்டிய 11,000 ரூபாய் ரீஃபண்டைக் கணினி இந்தப் பழைய பாக்கிக்கு ஈடு செய்துகொண்டது. நேரே கேட்கக் கூடாத பணத்தை ரீஃபண்டில் கழித்துக்கொள்வதும் வசூலிப்பதுதான், அதுவும் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் கணினிக்குத் தீர்ப்புத் தெரியாது. ஒவ்வொரு ஊழியரும் தனித்தனியாகப் போராட வேண்டியிருக்கிறது. சம்பளத்தில் பிடிக்கப்படுவதைத் தடுக்க அவருக்கு உரிமை இல்லை. பிடித்தவர் கட்டாவிட்டால் அலைவது மட்டும் அவர். இந்த ஏற்பாடு நியாயமானதாக இல்லை.

அந்தப் பேராசிரியரைக் காப்பாற்றியது அவர் மாதாமாதம் கோப்பில் குத்திவைத்த சம்பளச் சீட்டு. 205ஆம் பிரிவின் பாதுகாப்பு 'பிடிக்கப்பட்டுவிட்டால்' என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. பிடித்தார்கள் என்பதைக் காட்டுவது தொழிலாளியின் வேலை. சம்பளச் சீட்டு, அதில் உள்ள நிகரத் தொகை அதே நாளில் வங்கியில் விழுந்ததற்கான பதிவு, கல்லூரிக்கு எழுதிய கடிதம், அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டை ஆகியவற்றைச் சேர்த்து, போர்ட்டலில் டிமாண்டை ஏற்கவில்லை என்று பதிவு செய்து, வரி அதிகாரிக்கு மனு கொடுத்தார். டிமாண்ட் நிறுத்திவைக்கப்பட்டது. பக்கத்து அறை விரிவுரையாளர் ஒருவருக்குச் சம்பளச் சீட்டே தரப்படவில்லை. நியமன ஆணையில் எழுதிய சம்பளத்துக்கும் வங்கியில் விழுந்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதம் மாதமாகத் தாளில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வித்தியாசம் வரிக்காகப் பிடித்ததா, விடுப்புக்காக வெட்டியதா என்று அதிகாரி கேட்டபோது பதில் சொல்லச் சிரமப்பட்டார்.

பிடித்துக் கட்டாததைச் சட்டம் பிடிக்காததைவிடக் கடுமையாகப் பார்க்கிறது. வட்டி மாதம் ஒன்றரை சதவீதம். பழைய சட்டத்தில் மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்கும் இடமிருந்தது. நாணயமான நிறுவனங்கள்கூட ஒரு நாள் தாமதத்தில் இந்த வட்டியின் கணக்கைக் கண்டு திகைப்பதுண்டு. ஜூன் 30 அன்று பிடித்த வரியை ஜூலை 7க்குள் கட்ட வேண்டும். 8ஆம் தேதி கட்டினால், ஜூன் ஒரு மாதம், ஜூலை ஒரு மாதம் என்று இரண்டு மாத வட்டியை டிரேசஸ் கேட்கும்.

பணம் அரசுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் தொழிலாளியின் பெயரில் ஏறாமல் போவது உண்டு. இதில் கெட்ட நோக்கம் அரிது, எழுத்துப் பிழையே பெரும்பாலும். பான் எண் என்பது ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. தனிநபருக்கு நான்காவது எழுத்து 'பி' ஆக இருக்க வேண்டும். ஆங்கில 'ஓ' எழுத்துக்கும் சைபருக்கும், 'ஐ' எழுத்துக்கும் ஒன்றுக்கும் கையெழுத்தில் வித்தியாசம் தெரியாமல் ஆன பிழைகள் ஏராளம். பான் வாங்காத தொழிலாளியின் வரிசையில், எண் கிடைக்கவில்லை என்று பொருள்படும் ஒரு குறியீட்டைப் போட்டு அறிக்கையை முடிப்பது 2000களில் சகஜமாக இருந்தது. அப்படி ஏறிய பணம் யாருக்கும் வரவு ஆகாமல் நின்றது. ஒரு பஞ்சாலையில் ஒரே பெயரில் இரண்டு முருகேசன்கள். கார்டிங் பிரிவு முருகேசனின் வரி மூன்று வருஷம் ஸ்பின்னிங் பிரிவு முருகேசனின் பானில் ஏறியது. இவருக்கு டிமாண்ட், அவருக்குக் கேட்காமலே ரீஃபண்ட். ரீஃபண்ட் வந்தவர் அது தன் பணம் இல்லை என்று தெரிந்ததும் தானே வந்து சொன்னார்; அதனால்தான் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தது.

இந்தப் பிழையைத் தொழிலாளியோ ஆலோசகரோ வரி அதிகாரியோ திருத்த முடியாது. அறிக்கை கொடுத்த நிறுவனம்தான் திருத்த அறிக்கை கொடுக்க வேண்டும். 26ஏஎஸ்ஸில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் யாரிடம் போவது என்பது தெரியும். 'எஃப்' என்றால் எல்லாம் பொருந்திவிட்டது. 'யு' என்றால் நிறுவனம் அறிக்கை கொடுத்திருக்கிறது, அதில் சொன்ன சலான் வங்கிக் கணக்கோடு பொருந்தவில்லை; வங்கிக் கிளையின் ஏழு இலக்க எண்ணோ, தேதியோ, சலான் வரிசை எண்ணோ தவறு. வரிசையே இல்லை என்றால் பான் தவறு, அல்லது அறிக்கையே இல்லை. சம்பளக் கணக்கரிடம் போய் "எனக்கு வரி ஏறல" என்று பொதுவாகச் சொன்னால் பார்க்கிறேன் என்பார். "இரண்டாம் காலாண்டில் 'யு' இருக்கு, சலான் தேதியைப் பாருங்க" என்று சொன்னால் அன்றைக்கே பார்ப்பார்.

அரசு ஊழியர்களுக்கு இந்தப் பாதை வேறு மாதிரி. கருவூலத்தில் சம்பளப் பட்டியல் பாஸாகும்போது வரி புத்தகப் பதிவாகவே மாறிவிடும். வங்கிச் சலான் கிடையாது. கருவூல அதிகாரி மாதந்தோறும் 24ஜி என்ற அறிக்கை கொடுப்பார், அதிலிருந்து ஒரு பதிவு எண் பிறக்கும். சம்பளம் வழங்கும் அலுவலர் அந்த எண்ணை எடுத்துத் தன்னுடைய 24க்யூ அறிக்கையில் போட வேண்டும். பள்ளிகளில் அந்த அலுவலர் பெரும்பாலும் தலைமையாசிரியர். பாடம் நடத்தவும் பரீட்சை நடத்தவும் பயின்றவர், வரி பிடிப்பவருக்குரிய டான் எண் தன் பள்ளிக்கு இருப்பதே தெரியாதவர். பிப்ரவரிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துக் கருவூலத்துக்கு அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று அவர் நினைத்தார். பிடித்தார்கள், அரசுக்கும் போயிற்று, 24க்யூ மட்டும் போகவில்லை. ஆசிரியர்கள் இருபது முப்பது பேருக்கு 26ஏஎஸ் வெறுமை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆசிரியர் குடும்பங்கள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டமாக ஆலோசகர்களிடம் வந்தது இதனால்தான்.

அப்படி ஒரு பள்ளியில், ஓய்வு பெற்றுப்போன தலைமையாசிரியரை வீட்டில் போய்ப் பார்த்து, பழைய பட்டியல் நகல்களை வாங்கி, கருவூலத்தில் உட்கார்ந்து மாதம் மாதமாகப் பதிவு எண்களை எழுதி எடுத்து, நான்கு வருஷத்து அறிக்கைகளையும் கொடுத்தார்கள். 2012 ஜூலைக்குப் பிந்தைய காலாண்டுகளுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம், பிடித்த வரியின் அளவு வரைக்கும். அதைப் பள்ளியின் எந்தக் கணக்கிலிருந்தும் கட்ட வழியில்லாமல் ஆசிரியர்களே பங்கு போட்டுக் கட்டினார்கள். தங்கள் சம்பளத்தில் பிடித்து, அரசு தானே வைத்திருந்த பணம் தங்கள் பெயரில் ஏறுவதற்காக அவர்கள் கொடுத்த விலை அது.

சம்பளமே இல்லாத சம்பளமும் ஒன்று உண்டு. மருத்துவமனையில் தினமும் வந்து கையெழுத்துப் போடும் பிசியோதெரபிஸ்டுக்கு, அலுவலக நேரம் விடுப்பு எல்லாம் ஊழியரைப் போல. தாளில் மட்டும் 'ஆலோசகர்'. பழைய சட்டப்படி அவருக்கு 192 இல்லை, தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே. பத்து சதவீதம் பிடித்து பாரம் 16ஏ தருவார்கள். பாரம் 16 ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களில் ஒரு பங்கு இவர்கள். 26ஏஎஸ்ஸில் பிரிவு எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2021 நவம்பரில் ஏஐஎஸ் என்ற விரிந்த பட்டியல் வந்த பிறகு தொழிலாளிகள் தங்கள் வரவைக் கைபேசியிலேயே பார்க்கிறார்கள். காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கிறவருக்கு விடுபட்ட பிடித்தம் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்; அப்போது கணக்கரும் அதே நாற்காலியில் இருப்பார், சலானும் மேசையிலேயே இருக்கும். ஆண்டு முடிந்து, நிறுவனம் கைமாறி, டான் எண்ணின் கடவுச்சொல்லே யாருக்கும் தெரியாத நிலையில் தேடத் தொடங்கினால் வருஷங்கள் போகும்.

அந்த வருஷங்களுக்கும் இப்போது எல்லை போட்டாயிற்று. முன்பு எத்தனை வருஷம் கழித்தும் நிறுவனம் திருத்த அறிக்கை கொடுக்க முடிந்தது; பதினைந்து வருஷத்துப் பிழையைத் திருத்தி ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை ஆறு ஆண்டுகளுக்குள் என்று சுருக்கியது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 192 என்ற எண் 392 ஆனது. திருத்த அறிக்கைக்கான காலம் இரண்டு ஆண்டுகள். 2018-19இன் கடைசிக் காலாண்டு முதல் 2023-24இன் மூன்றாம் காலாண்டு வரையிலான அறிக்கைகளைத் திருத்த 2026 மார்ச் 31 கடைசி நாள் என்று துறை அறிவித்தது. அதற்குப் பிறகு அந்த ஆண்டுகளில் பான் மாறி ஏறிய பணத்தை நிறுவனம் விரும்பினாலும் திருத்தித் தர முடியாது.